அந்த 'எல்' எழுத்தைப் பாத்து வாங்குங்க

"மதர்போர்டு போயிடுச்சுக்கா. அதைச் சரி பண்ற செலவுக்கு நீங்க புதுசே வாங்கிடலாம்."

மாடி வீட்டு அக்காகிட்ட ஒரு கடையில இப்படிச் சொல்லி அனுப்பியிருக்காங்க. காலையில வரைக்கும் நல்லா ஓடிக்கிட்டிருந்த லேப்டாப். ராம் கூட்டிப் போடலாம்னு எடுத்துட்டுப் போயிருக்காங்க. கடையில 4 ஜிபியைக் கழட்டிட்டு 8 ஜிபி மாட்டியிருக்காங்க. ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் கறுப்பாவே இருக்கு, கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னுது. உடனே தீர்ப்பு சொல்லியாச்சு, போர்டு காலின்னு.

எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல.

அந்த லேப்டாப்புல அவங்க பையன் காலேஜ் ப்ராஜெக்ட் பண்ணிக்கிட்டிருக்கான். அந்த வீட்டுல புது லேப்டாப்னா சாதாரண செலவா? ஒரு வருஷத் திட்டமே மாறிப் போகும். அதை ஒரு நிமிஷத்துல, ஒரு ஸ்டிக்கரைக்கூடப் படிக்காம சொல்லிட்டாங்களேன்னுதான் கோவம்.

நல்லவேளையா பழைய ராமை ஒரு கவர்ல போட்டுக் குடுத்திருந்தாங்க. புதுசைக் கழட்டிட்டு அதையே திரும்ப மாட்டினேன். ஆன் பண்ணினதும் லோகோ வந்துடுச்சு. போர்டுக்கு ஒண்ணுமே ஆகல. அக்கா முகத்தைப் பாக்கணுமே!

அப்புறம் ரெண்டு ராமையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். பழசுல இப்படி எழுதியிருக்கு: 4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ். புதுசுல: 8ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-12800எஸ்.

வித்தியாசம் தெரியுதா? பழசுல '3'-க்குப் பக்கத்துல ஒரு 'எல்' இருக்கு. புதுசுல இல்ல. அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்துக்காக ஒரு நல்ல லேப்டாப்பைச் செத்துப் போச்சுன்னு சொல்லிட்டாங்க.

கடைக்குப் போன் போட்டேன். "அண்ணே, ரெண்டும் டிடிஆர் 3 தானண்ணே? எல்லாம் ஒண்ணுதாண்ணே."

ஒண்ணு இல்லங்க. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்திருக்கேன். பழைய லேப்டாப்புக்கு ராம் வாங்குறதுல 'எத்தனை ஜிபி'ங்கறது கடைசிக் கேள்வி. 'எந்த ராம்'ங்கறதுதான் முதல் கேள்வி. அதுக்குப் பதில் பெரும்பாலும் உங்க லேப்டாப்புக்குள்ளயே, இப்ப இருக்குற ராம் மேல ஒட்டியிருக்கு.

முதல்ல அந்த 'எல்' சமாச்சாரம்.

சாதாரண டிடிஆர்3 ராமுக்கு 1.5 வோல்ட் வேணும். டிடிஆர்3எல்-ன்னா 1.35 வோல்ட் போதும். லேப்டாப் பேட்டரி இன்னும் கொஞ்ச நேரம் நிக்கணும்னுதான் இந்தக் குறைஞ்ச வோல்ட் வகை வந்துச்சு. ரெண்டுக்கும் அதே 204 பின், வெட்டும் அதே இடத்துல. கையில வச்சுப் பாத்தா இரட்டைப் பிள்ளைங்கதான். ஸ்லாட்டுலயும் அழகா உக்காரும். ஆனா எவ்வளவு வோல்ட் குடுக்கணும்னு முடிவு பண்றது லேப்டாப்பு, ராம் இல்ல. 1.35 மட்டுமே குடுக்கத் தெரிஞ்ச லேப்டாப்புல 1.5 கேக்குற ராமைப் போட்டா அதுக்குப் பத்தாது. சிலது அரைகுறையா ஓடி நடுவுல தொங்கும். பலது எந்திரிக்கவே எந்திரிக்காது. (பயப்படாதீங்க, எதுவும் எரியாது. வோல்ட் கம்மியாத்தான போகுது. சரியான ராமைப் போட்டா பழையபடி ஓடும்.)

அக்கா வீட்டு லேப்டாப்புல இருக்குற ப்ராசஸர் ஐ3-4005யு. இன்டெல்லோட நாலாவது தலைமுறை, 2013-ல வந்தது. இன்டெல் தளத்துல இந்த நம்பரைப் போட்டுத் தேடினா மெமரி டைப்னு ஒரு வரி வரும். அதுல எல் போட்ட டிடிஆர்3 இருக்கும், லேப்டாப்புல ஒட்டியே வர்ற எல்பிடிடிஆர்3 இருக்கும். எல் இல்லாத வெறும் டிடிஆர்3 இருக்காது. அதிகபட்சம் 16 ஜிபின்னும் போட்டிருக்கும். அதைத் தேட ஒரு நிமிஷம் ஆகுமா? அதை யாருமே பாக்கல.

இதுல ஒரு நல்ல சேதியும் இருக்கு. எல் போட்ட ராம் 1.5 வோல்ட்லயும் ஓடும். அப்படித்தான் தரநிலையே வகுத்திருக்காங்க. அதனால உங்க லேப்டாப்பு 2011, 2012 மாடலா இருந்து, எல் தேவையா இல்லையான்னு குழப்பமா இருந்தா, எல் போட்டதையே வாங்கிடுங்க. ரெண்டு பக்கமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். எல் இல்லாததை வாங்கினாதான் வம்பு. எங்கிட்ட இருக்குற பழைய ரெண்டாம் தலைமுறை மெஷின்ல நான் போட்டிருக்கறதும் எல் ராம்தான். ஒரு முணுமுணுப்புகூட இல்லாம ஓடுது.

சரி, அந்த ஸ்டிக்கரை முழுசாப் படிச்சிடலாம். கொஞ்சம் பொறுமையாப் பாருங்க, ஒருதடவை பிடிபட்டுட்டா அப்புறம் யாரும் உங்களை ஏமாத்த முடியாது.

முன்னாடி இருக்குற '4ஜிபி' தெரியும். கடைசியில இருக்குற 'எஸ்' எழுத்துன்னா லேப்டாப்புல போடுற சின்ன சைஸ் ராம், எஸ்ஓ-டிம்-னு சொல்றது. டெஸ்க்டாப் ராம் இதைவிட ரெண்டு மடங்கு நீளம், அது உள்ளயே போகாது. நடுவுல 'பிசி3'-ன்னா டிடிஆர்3. பிசி2-ன்னா டிடிஆர்2, பிசி4-ன்னா டிடிஆர்4. இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு சேரவே சேராது. டிடிஆர்2-க்கு 200 பின், டிடிஆர்3-க்கு 204, டிடிஆர்4-க்கு 260. வெட்டு இருக்குற இடமும் வேற. மாத்தி மாட்டணும்னு நெனச்சாலும் மாட்ட முடியாது. (அழுத்திப் பாக்காதீங்க, ப்ளீஸ். ஸ்லாட் உடைஞ்சா நெஜமாவே போர்டு செலவுதான்.)

'12800'-ங்கறது ஒரு செகண்டுக்கு எத்தனை மெகாபைட் போகும்ங்கற கணக்கு. அதை 8-ஆல வகுங்க, 1600 வரும். அதுதான் கடைகள்ல சொல்ற '1600 மெகாஹெர்ட்ஸ்'. அதே மாதிரி 10600-ன்னா 1333. டிடிஆர்4-ல 19200-ன்னா 2400, 21300-ன்னா 2666, 25600-ன்னா 3200. கடைக்காரர் ஒரு கணக்குல பேசுவார், ஸ்டிக்கர் இன்னொரு கணக்குல பேசும். ரெண்டும் ஒரே விஷயம்தான்.

வேகத்தைப் பத்தி ரொம்ப மண்டையை உடைச்சுக்க வேணாம். 1333 கேக்குற லேப்டாப்புல 1600 போட்டா அது 1333-க்கு இறங்கி ஓடும். ராம் மேல குட்டியா ஒரு சிப்பு இருக்கும், 'நான் இன்னின்ன வேகத்துல ஓடுவேன்'னு அதுல எழுதி வச்சிருக்கும். லேப்டாப்பு ஆன் ஆகும்போது அதைப் படிச்சு, ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற வேகத்தை எடுத்துக்கும். ரெண்டு ஸ்லாட்டுல ரெண்டு வேகம் இருந்தா, மெதுவானதோட வேகத்துக்கு ரெண்டும் இறங்கிடும். அவ்வளவுதான்.

இன்னொண்ணு. சிபியு-இசட் மென்பொருள் போட்டுப் பாத்தா 1600 ராமுக்கு 800-க்குப் பக்கத்துல ஒரு நம்பர் காட்டும். அதைப் பாத்துட்டு 'பாதி வேகத்துலதான் ஓடுது, ஏமாத்திட்டான்'னு கடையில போய் சண்டை போட்டவங்களை எனக்குத் தெரியும். ஒரு துடிப்புல ரெண்டு தடவை டேட்டா போறதாலதான் அந்த டிடிஆர்-ங்கற பேரே. 800-ன்னு காட்டினா 1600-தான். சரியாத்தான் ஓடுது.

இப்ப '1ஆர்எக்ஸ்8'. இதைத்தான் யாருமே கவனிக்க மாட்டாங்க. ரொம்பப் பழைய லேப்டாப்பு வச்சிருக்கவங்க இங்க கொஞ்சம் நில்லுங்க.

8 ஜிபி டிடிஆர்3 ராம் ஒண்ணை எடுத்துப் பாத்தா முன்னாடி 8, பின்னாடி 8-ன்னு மொத்தம் 16 கறுப்புச் சிப்பு இருக்கும். 4 ஜிபி ராம்ல ரெண்டு வகை உண்டு. 16 சிப்பு இருந்தா ஒவ்வொண்ணும் 2 ஜிகாபிட், இது 2ஆர்எக்ஸ்8. வெறும் 8 சிப்பு இருந்தா ஒவ்வொண்ணும் 4 ஜிகாபிட், இது 1ஆர்எக்ஸ்8. ரெண்டும் 4 ஜிபி, ரெண்டுலயும் 'பிசி3' போட்டிருக்கும். ஆனா கோர் 2 டுவோ காலத்து லேப்டாப்பு, முதல் தலைமுறை ஐ3, ஐ5 லேப்டாப்பு எல்லாம் இந்த 4 ஜிகாபிட் சிப்பு வர்றதுக்கு முன்னாடி செஞ்சது. 8 சிப்பு ராமைப் போட்டா பலதுல டிஸ்ப்ளே வராது, சிலதுல பாதி ஜிபி மட்டும் காட்டும். அதுக்கு 16 சிப்பு இருக்குற பழைய பாணி ராம்தான் வேணும். இப்ப கடையில கிடைக்கறது பெரும்பாலும் 8 சிப்பு வகைதான். அதனால அந்தக் காலத்து மெஷினுக்கு செகண்ட்ஹேண்ட்ல தேடிப் பிடிக்கறதுதான் நல்லது. 'புதுசா வேணும், பழசு வேணாம்'னு பிடிவாதம் பிடிச்சா கதைக்கு ஆகாது.

இதே கதை மேல் பக்கமும் உண்டு. டிடிஆர்3எல்-லயே ஒத்தையா 16 ஜிபி ராம் விக்கிறாங்க. அதுல 8 ஜிகாபிட் சிப்பு இருக்கும். இன்டெல்ல அஞ்சாவது தலைமுறையிலேர்ந்துதான் அது எடுபடும். நாலாவது தலைமுறை வரைக்கும் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான் எல்லை. 16 வேணும்னா ரெண்டு ஸ்லாட்டுலயும் 8, 8-ன்னு போடணும். ஒரே ஸ்லாட்டு இருக்குற நாலாவது தலைமுறை லேப்டாப்பு வச்சிருந்தா (திங்க்பேட் எக்ஸ்240 அப்படித்தான்) 8-தான். அதுக்கு மேல ஆசைப்பட்டு காசைப் போடாதீங்க.

ஆனா 'அதிகபட்சம் இவ்வளவுதான்'னு கம்பெனி மேனுவல்ல போட்டிருக்கறதை அப்படியே வேதவாக்கா எடுத்துக்கவும் வேணாம். திங்க்பேட் எக்ஸ்220, 2011-ல வந்தது. மேனுவல்ல அதிகபட்சம் 8 ஜிபின்னு இருக்கும். அதுல இருக்குற ஐ5-2520எம் ப்ராசஸருக்கு இன்டெல் சொல்றது 16. ஏன் இந்த வித்தியாசம்? அந்த லேப்டாப்பு வந்தப்ப ஒரே ராம்ல 8 ஜிபிங்கறது கடைகள்ல சாதாரணமா கிடைக்கல. 4, 4-ன்னு போட்டுச் சோதிச்சாங்க, 8-ன்னு எழுதினாங்க. உலகம் முழுக்க அதுல 16 போட்டு ஓட்டிக்கிட்டிருக்காங்க.

ராமோட பேசுற பகுதி, அந்த மெமரி கன்ட்ரோலர், முதல் கோர் ஐ தலைமுறையிலேர்ந்து ப்ராசஸருக்குள்ளயே போயிடுச்சு. அதனாலதான் ப்ராசஸர் நம்பரைத் தேடுங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன். மேனுவலையும் பாருங்க, இன்டெல், ஏஎம்டி தளத்தையும் பாருங்க. ரெண்டும் வேற வேற சொன்னா, அதே மாடல் வச்சிருக்கவங்க என்ன போட்டு ஓட்டுறாங்கன்னு விசாரிங்க. (விலை மலிவா வந்த செலரான் என் வரிசை லேப்டாப்புகள்ல கவனம். என்3060-க்கு இன்டெல்லே 8 ஜிபின்னுதான் சொல்லுது.)

ஆறாவது, ஏழாவது தலைமுறைக்காரங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை.

ஐ5-6200யு, ஐ5-7200யு மாதிரி ப்ராசஸருங்க டிடிஆர்4-ம் ஏத்துக்கும், டிடிஆர்3எல்-ம் ஏத்துக்கும். அப்ப ரெண்டையும் போடலாமான்னா, கூடாது. போர்டுல எந்த ஸ்லாட்டை வச்சாங்களோ அது மட்டும்தான். அதே ப்ராசஸர், அதே வருஷம், ஒரு லேப்டாப்புல டிடிஆர்4, இன்னொண்ணுல டிடிஆர்3எல். இங்க ப்ராசஸர் நம்பர் மட்டும் பத்தாது. கழட்டி ஸ்டிக்கரைப் பாத்துடுறதுதான் உறுதி.

நம்ம ஊர்ல இன்னொரு குழப்பம் உண்டு. 'கவர்மென்ட் லேப்டாப்புக்கு ராம் குடுங்க'ன்னு கடையில கேக்குறாங்க. 2011-ல ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல குடுத்ததெல்லாம் ஒரே மாடல் இல்லங்க. கம்பெனியும் மாறியிருக்கு, ப்ராசஸரும் மாறியிருக்கு, ராம் வகையும் மாறியிருக்கு. அண்ணனுக்குக் கிடைச்ச லேப்டாப்பு ராம், தங்கச்சிக்குக் கிடைச்ச லேப்டாப்புல சேரணும்னு அவசியமில்ல. பின்பக்கம் இருக்குற மாடல் நம்பரைப் போட்டோ எடுத்துட்டுப் போங்க. முடிஞ்சா உள்ள இருக்குற ராமையே கழட்டி எடுத்துட்டுப் போங்க. ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி கம்ப்யூட்டர் கடைத்தெருவுல இதை மேஜை மேல வச்சு 'இதே மாதிரி வேணும்'னு கேட்டா, நல்ல கடைக்காரர் ஸ்டிக்கரைப் படிச்சுட்டுத்தான் டப்பாவைத் திறப்பார். படிக்காமலே எடுத்து நீட்டினா அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க.

கழட்டுறதுக்கு முன்னாடியே கொஞ்சம் விஷயம் தெரிஞ்சுக்கலாம். விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ், மெமரின்னு போங்க. கீழ 'ஸ்லாட்ஸ் யூஸ்டு'ன்னு இருக்கும். '1 ஆஃப் 2'-ன்னு இருந்தா ஒரு ஸ்லாட்டு காலி, சந்தோஷம். பக்கத்துலயே 'ஃபார்ம் ஃபேக்டர்'னு ஒரு வரி இருக்கும். அங்க 'ரோ ஆஃப் சிப்ஸ்'னு இருந்தா ராமை போர்டோட சேத்து சால்டர் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். அதைக் கழட்ட முடியாது. வேற ஸ்லாட்டு ஏதாவது இருக்கான்னு மட்டும் பாக்கணும். மெல்லிசான லேப்டாப்புகள்ல இது சகஜம். லினக்ஸ்ல டிஎம்ஐடிகோடு கட்டளை இதெல்லாம் சொல்லும், ஆனா அது காட்டுற 'மேக்ஸிமம் கெப்பாசிட்டி' பல மெஷின்ல தப்பா இருக்கும். அதை நம்பி முடிவு எடுக்காதீங்க. காலி ஸ்லாட்டு உண்டுன்னு மென்பொருள் சொல்லி, திறந்து பாத்தா போர்டுல ஸ்லாட்டே வைக்காம விட்டிருக்கறதையும் பாத்திருக்கேன். கண்ணால பாக்குறதுதான் உறுதி.

அப்புறம் 32 பிட் சமாச்சாரம். உங்க விண்டோஸ் 32 பிட்டா இருந்தா 8 ஜிபி போட்டாலும் 4-க்கு மேல எடுத்துக்காது, அதுலயும் 3 சொச்சம்தான் உருப்படியா கிடைக்கும். விண்டோஸ் 7 ஸ்டார்டர்னா 2 ஜிபி தாண்டாது. ராம் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க. 64 பிட் போட முடிஞ்சா முதல்ல அதைப் போடுங்க.

ரெண்டு 4-ஆ, ஒரு 8-ஆ?

என் ஓட்டு ரெண்டு 4-க்குத்தான், அதுவும் 8 ஜிபி போதும்னு முடிவு பண்ணிட்டா. ரெண்டு ஸ்லாட்டுலயும் ராம் இருந்தா ப்ராசஸர் ரெண்டு வழியாவும் ஒரே நேரத்துல டேட்டா எடுக்கும். கல்யாண வீட்டு அண்டாவை ஒரு ஆள் இழுக்கறதுக்கும் ரெண்டு ஆளு ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்குறதுக்கும் உள்ள வித்தியாசம். பழைய லேப்டாப்புல பெரும்பாலும் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்காது, ராமையே எடுத்துத்தான் படம் காட்டும். அதனால இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். ஏஎம்டி ஏ வரிசைக்காரங்களுக்கு இன்னும் அதிகமாத் தெரியும்.

ஏற்கெனவே 4 இருக்கு, கூட 8 போட்டா? தாராளமா போடலாம். இன்டெல்ல முதல் 4-ம், 8-ல இருக்குற ஒரு 4-ம் ஜோடி சேந்து ஓடும், மிச்ச 4 தனியா ஓடும். 'ரெண்டும் ஒரே கம்பெனியா இருக்கணும், ஒரே அளவா இருக்கணும்'னு சொல்றவங்க உண்டு. இருந்தா நல்லது, கட்டாயம் இல்ல. வகையும் வோல்ட்டும் சரியா இருந்தா ஹைனிக்ஸும் சாம்சங்கும் சண்டை போடாம ஓடும்.

அக்கா வீட்டு லேப்டாப்புல ரெண்டு ஸ்லாட்டு, ஒண்ணு காலி. அந்தக் கடையில 4-ஐக் கழட்டிட்டு 8 போட்டதே அனாவசியம். அந்த 8-ஐத் திருப்பிக் குடுத்துட்டு, எல் போட்ட 4 ஒண்ணு வாங்கி காலி ஸ்லாட்டுல மாட்டினோம். மிச்சக் காசும் கையில வந்துச்சு. கடைக்காரத் தம்பி மறுக்காம மாத்திக் குடுத்தார், அதுக்கு நன்றி. கெட்ட எண்ணம் எதுவும் இல்ல, தெரியல, அவ்வளவுதான். தெரியாததை 'போர்டு போச்சு'ன்னு சொன்னதுதான் எனக்கு ஆறல.

செகண்ட்ஹேண்ட் வாங்கலாமான்னு நிறையப் பேர் கேக்குறாங்க. டிடிஆர்3-க்கு நான் கண்ணை மூடிக்கிட்டு 'வாங்கலாம்'னு சொல்லுவேன். ராம் தேயற பொருள் இல்ல. ஒழுங்கா இருந்தா வருஷக்கணக்கா ஓடும். ஆனா மேல ஒட்டின ஸ்டிக்கரை நம்பாதீங்க, சிப்பைப் பாருங்க. பேரே கேள்விப்படாத பளபள ஸ்டிக்கரை மேல ஒட்டி விக்கறதும் நடக்குது.

சிப்பு மேல பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கும், போன் கேமராவுல ஜூம் பண்ணிப் பாருங்க. ஹைனிக்ஸ் சிப்புன்னா 'எச்5டிசி'ன்னு ஆரம்பிச்சா 1.35 வோல்ட். 'எச்5டிக்யு'ன்னு ஆரம்பிச்சா 1.5 வோல்ட். சாம்சங் கம்பெனியே ஒட்டின ஒரிஜினல் ஸ்டிக்கரா இருந்தா, அதுல மாடல் நம்பர் கடைசியில 'ஒய்கே0'-ன்னு முடிஞ்சா 1.35, 'சிகே0'-ன்னு முடிஞ்சா 1.5. இதை ஒரு சீட்டுல எழுதி பர்ஸ்ல வச்சுக்குங்க. ஸ்டிக்கர் பொய் சொன்னாலும் சிப்பு சொல்லாது.

'சர்வர்ல கழட்டினது, ரொம்ப மலிவு'ன்னு யாராவது ஈசிசி ராம் குடுத்தா வாங்காதீங்க. சாதாரண லேப்டாப்புக்கு அது ஆகாது.

மாட்டுறது கஷ்டமே இல்ல. சார்ஜரைக் கழட்டுங்க, பேட்டரியைக் கழட்டுங்க. பேட்டரி உள்ளயே இருக்குற மாடல்னா மூடியைத் திறந்ததும் முதல் வேலையா அதோட கனெக்டரை எடுத்துவிடுங்க. ஏதாவது இரும்பைத் தொட்டுட்டு ராமை ஓரத்துல பிடிங்க, தங்கக் கலர் பின் மேல விரல் படக் கூடாது. வெட்டு சரியா பொருந்துதான்னு பாத்து, சாய்வா உள்ள தள்ளுங்க. அந்தத் தங்கக் கோடு கிட்டத்தட்ட முழுசா மறையணும். அப்புறம் மெதுவா கீழ அழுத்தினா ரெண்டு பக்கமும் இருக்குற கொக்கி 'டக்'னு பிடிக்கும். அந்தச் சத்தம் கேக்கலன்னா சரியா உக்காரல. டிஸ்ப்ளே வரலைன்னு வர்ற கேஸ்ல பாதிக்கு மேல இந்த 'டக்' கேக்காததுதான்னு எனக்கு ஒரு எண்ணம். சில பழைய திங்க்பேட்ல ஒரு ஸ்லாட்டு அடியில இருக்கும், இன்னொண்ணு கீபோர்டுக்குக் கீழ ஒளிஞ்சிருக்கும். யூட்யூப்ல உங்க மாடல் பேரைப் போட்டு ஒரு தடவை பாத்துட்டுத் திறங்க.

முதல் தடவை ஆன் பண்றப்ப ஸ்கிரீன் வர வழக்கத்தைவிட கொஞ்சம் லேட்டாகும். புது ராமை அளந்து பாக்குது, பதறாதீங்க. வந்ததும் நேரா வேலையில இறங்காம, ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் மென்பொருளை ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. செகண்ட்ஹேண்டுக்கு இது கட்டாயம். ஒரே ஒரு எரர் வந்தாலும் ராமைத் திருப்பிக் குடுத்துடுங்க. 'ஒண்ணுதான'ன்னு விட்டா, அந்த ஒண்ணு என்னைக்காவது பையனோட ப்ராஜெக்ட் ஃபைல் மேல உக்காரும்.

இவ்வளவு சொல்லிட்டு ஒரு உண்மையையும் சொல்லிடணும். உங்க லேப்டாப்புல இன்னும் பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்தான் இருக்கு, ராம் 4 ஜிபி இருக்குன்னா, முதல் காசை எஸ்எஸ்டி-க்குப் போடுங்க. அப்புறம் ராம். ரெண்டும் போட்டா ஐ3 நாலாவது தலைமுறை மெஷின் இன்னைக்கும் படிப்புக்கு, டைப்பிங்குக்கு, மீட்டிங்குக்கு நல்லாவே வேலை செய்யும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 இந்தப் பழைய ப்ராசஸர்களை முறைப்படி ஏத்துக்காது. அதனால அக்கா பையனுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக் குடுத்தேன். 8 ஜிபியில பறக்குது. ப்ரௌசர்ல அத்தனை டேபைத் திறந்து வச்சுக்கிட்டு அவன் கோடு எழுதுறதைப் பாக்கவே அவ்வளவு சந்தோஷமா இருக்கு.

2025 கடைசியிலேர்ந்து மெமரி விலை ஏறிக்கிட்டே போச்சு. ஏஐ டேட்டா சென்டர்களுக்குச் சிப்பு எல்லாம் போயிடுது. புது லேப்டாப்பு வாங்க நிக்கிற எல்லாரும் ஒரு தடவை பழசைத் திறந்து பாக்க இது ஒரு காரணம்.

கடைசியா ஒரு வேண்டுகோள். ராம் மாத்தினப்ப கழட்டின பழைய 2 ஜிபி, 4 ஜிபி எல்லாம் நிறைய வீட்டு மேஜை டிராயர்ல தூங்குது. பிசி3எல் 4 ஜிபி ஒண்ணு உங்ககிட்ட சும்மா இருந்தா, அதே வகை ராம் கேக்குற பழைய லேப்டாப்போட திண்டாடுற ஏதோ ஒரு பிள்ளை உங்க தெருவுலயே இருக்கும். ஸ்டிக்கரைப் படிச்சுப் பாத்து, வகை சரியா இருந்தா, குடுத்துடுங்க.